கோச் எந்த நாட்டுக்காரர் என்பதா கேள்வி?

தை, மாசி மாதங்களில் திருப்பனந்தாள் வட்டாரத்துக்கு வருகிறவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் போக முடியாது. சம்பா அறுவடை முடிந்திருக்கும். உளுந்து தெளிக்காத வயல் ஒன்று அகப்பட்டால் போதும். அதுதான் பையன்களுக்கு மைதானம். அறுத்த தாளை மிதித்துத் தரையைச் சமப்படுத்துகிறார்கள். மூன்று குச்சிகளை நடுகிறார்கள். ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு கண் தெரியும் வரை ஆடுகிறார்கள். எல்லோரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் ஓடிவந்து பந்து போடும் வேகத்தைக் கண்டால், வரப்பில் போகிறவரும் தலைச்சுமையோடு சற்று நின்றுவிட்டுத்தான் போவார்.

கடைவீதி டீக்கடைக்கு வந்தால் அங்கேயும் கிரிக்கெட்தான். அங்கே நடப்பது ஆட்டமல்ல, தர்க்கம். இந்திய அணிக்கு வெளிநாட்டுக் கோச் வேண்டுமா, வேண்டாமா என்பது விவகாரம்.

தர்க்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 அக்டோபர், நவம்பரில் நியூஜிலாந்து அணி நம் மண்ணுக்கு வந்து மூன்று டெஸ்டுகளிலும் நம்மைத் தோற்கடித்தது. 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்க அணி வந்து, இரண்டு டெஸ்டுகளிலும் ஜெயித்துவிட்டுப் போயிற்று. உடனே, "உள்ளூர் வாத்தியார் போதாது, வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவா" என்று ஒரு கட்சி கிளம்பியது. "இத்தனை கோடி ஜனங்களில் ஒரு வாத்தியார் கிடைக்கமாட்டாரா? வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் முன்னால்தான் கைகட்டி நிற்க வேண்டுமா?" என்று மறு கட்சி சீறியது.

ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், வயல் வேலையில் காய்த்துப்போன கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"ஏண்டா தம்பிகளா, நம்மூரு கோயில்ல சாஞ்சு கிடந்த லிங்கத்தை நிமிர்த்துனது யாரு? ராஜா யானையைக் கட்டி இழுத்தான்; அசையலே. குங்கிலியக்கலயர் வந்து இழுத்தாரு. நிமிர்ந்துச்சுன்னு கதை சொல்றாங்க. அவரு நம்மூர்க்காரரா? கடவூர்லேருந்து வந்தவரு. எந்த ஊருன்னு ஏன் கேக்குறே? கயித்தை எங்கே கட்டிக்கிட்டாருன்னு கேளு. தன் கழுத்துல கட்டிக்கிட்டாரு!"

கடையில் சிரிப்பு எழுந்தது. தர்க்கம் நின்றபாடில்லை. "நீங்கள் பத்திரிகைக்காரர்களாயிற்றே, நீங்கள் சொல்லுங்கள்" என்று எங்கள் பக்கம் திரும்பினார்கள். புராணக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விஷயம். ஆனால் பெரியவர் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்வியை வைத்தே எங்கள் அபிப்பிராயத்தை எழுதுகிறோம்.

நாலு பேர் வந்தார்கள்

வாதத்துக்கு முன்னால் நடந்ததைப் பார்ப்போம். இந்திய அணிக்கு முதல் வெளிநாட்டுக் கோச்சாக 2000ல் வந்தவர் நியூஜிலாந்தின் ஜான் ரைட். அவர் இருந்த காலத்தில்தான், 2001 மார்ச்சில் கல்கத்தாவில், பாலோ ஆன் வாங்கிய இந்தியா ஆஸ்திரேலியாவை 171 ரன்களில் தோற்கடித்தது. லட்சுமண் 281 ரன் எடுத்தார். திராவிட் 180 எடுத்தார். 2003 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போனோம். 2004ல் பாகிஸ்தான் மண்ணில் முதன்முறையாக டெஸ்ட் தொடரை வென்றோம்.

அடுத்து 2005ல் வந்தவர் ஆஸ்திரேலியாவின் கிரெக் சாப்பல். ஆட்டக்காரர் என்ற முறையில் முன்னவரைவிடப் பெரிய பெயர். வந்த சில மாதங்களிலேயே, அணித் தலைவர் கங்குலியைப் பற்றி அவர் போர்டுக்கு எழுதிய கடிதம் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. அணிக்குள் மனஸ்தாபம் முற்றியது. 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று, முதல் சுற்றோடு திரும்பினோம். சாப்பலும் விலகினார்.

2008ல் தென்னாப்பிரிக்காவின் கேரி கிர்ஸ்டன் வந்தார். அதிகம் பேசாதவர், தன் கையாலேயே பந்தை எறிந்து எறிந்து ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். 2009 கடைசியில் டெஸ்ட் வரிசையில் இந்தியா முதலிடம் பெற்றது. 2011 ஏப்ரல் 2ஆம் தேதி பம்பாயில் உலகக் கோப்பை கிடைத்தது.

அவருக்குப் பிறகு ஜிம்பாப்வேயின் டங்கன் பிளெட்சர். இங்கிலாந்து அணியைத் தூக்கி நிறுத்தியவர் என்று பேரெடுத்தவர். அவர் காலத்தில் 2011ல் இங்கிலாந்தில் நாலு டெஸ்டும், அதை அடுத்து ஆஸ்திரேலியாவில் நாலு டெஸ்டும் தோற்றோம். 2013ல் சாம்பியன்ஸ் கோப்பையையும் ஜெயித்தோம்.

உள்நாட்டார் கணக்கையும் பாருங்கள். 1983ல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிய கபில்தேவ் அணிக்குக் கோச் என்று ஒருவர் கிடையாது. மானேஜர் மட்டுமே உண்டு. 2024 ஜூனில் இருபது ஓவர் உலகக் கோப்பை வந்தபோது கோச் நம் ராகுல் திராவிட். அவருக்குப் பிறகு வந்த கவுதம் கம்பீர் காலத்தில், 2025 மார்ச்சில் சாம்பியன்ஸ் கோப்பையும் வந்தது. மேலே சொன்ன இரண்டு பெரிய தோல்விகளும் வந்தன.

ஆகவே, "வெளிநாட்டுக்காரர் வந்தால் ஜெயம்" என்பதும் பொய். "நம்மவர் இருந்தால் ஜெயம்" என்பதும் பொய். பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துப் பந்து திரும்புவதில்லை.

கற்றுக்கொள்வது அவமானமா?

"அந்நியனிடம் கைகட்டுவது மானக்கேடு" என்கிறார்களே, அந்த வாதத்துக்கு வருவோம். அதில் ஒரு நியாயமான வேதனை இருக்கிறது. நம்மை ஆண்டவன் கொண்டுவந்த ஆட்டம் இது. அவன் கிளப்பில் இந்தியனுக்கு இடமில்லாத காலம் இருந்தது. அந்த வடு லேசில் ஆறாது.

ஆனால் அடிமைத்தனம் வேறு, கல்வி வேறு. நம் வட்டாரத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. திருப்பனந்தாளுக்குப் பக்கத்திலிருக்கிற ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஜப்பான் வகை நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் இணைத்து உருவாக்கியதுதான் ஆடுதுறை 27. 1960களில் குறுவைக்கு அதை நட்டவர்கள் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். ஜப்பான் வித்து என்று யாரும் வரப்பில் வீசி எறியவில்லை. அதே சமயம், ஜப்பானிலிருந்து மூட்டையில் வந்ததை அப்படியே நம் சேற்றில் கொட்டவும் இல்லை. நம் மண்ணில், நம் தண்ணீரில் வளர்த்துப் பார்த்து, நமக்கு ஒத்துவரும்படி ஆக்கிய பிறகே விதை வயலுக்குப் போயிற்று.

ஆலைத் தொழிலாளத் தோழர்களுக்கு நெய்வேலியை ஞாபகப்படுத்துகிறோம். அங்கே முதல் அனல் மின் நிலையம் சோவியத் நாட்டு உதவியோடு எழுந்து, 1962ல் மின்சாரம் தரத் தொடங்கியது. வந்த நிபுணர்கள் ஊர் திரும்பிய பின், பல பத்தாண்டுகள் அந்த இயந்திரங்களை ஓட்டியவர்கள் நம் தொழிலாளிகள். வெளியாள் வந்ததால் நம் கை சிறுத்துப்போகவில்லை, கை தேர்ந்தது.

மேலும், இந்த ஆட்டத்தைப் பெற்ற இங்கிலாந்தே 1999ல் ஜிம்பாப்வேக்காரரான அதே பிளெட்சரைக் கோச்சாக வைத்தது. 2022ல் தன் டெஸ்ட் அணியை நியூஜிலாந்தின் மெக்கல்லத்திடம் ஒப்படைத்தது. 2003 உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவின் கென்யா அணி அரையிறுதி வரை போய் உலகத்தை வியக்க வைத்ததே, அதன் கோச் யார்? பம்பாய்க்காரரான சந்தீப் பாட்டீல். அங்கே அவர்தான் வெளிநாட்டுக் கோச்! கொடுக்கும்போது பெருமை, வாங்கும்போது மட்டும் மானக்கேடா?

ஆகவே வெளிநாட்டுக் கோச் கூடாது என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கோச் வந்தால் தீர்ந்தது என்ற வாதம் இதைவிட அபாயமானது. ஏன் என்று சொல்கிறோம்.

நாற்றங்காலா, கதிரா?

1987ல் சென்னையில் எம்.ஆர்.எப். கம்பெனி வேகப்பந்து வீச்சுக்கு ஒரு பயிற்சி நிலையம் திறந்தது. கற்றுக்கொடுக்க வந்தவர் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி. பேர்போன பதினோரு பேருக்காக அவர் வரவில்லை. மீசை அரும்பும் பையன்களுக்காக வந்தார். சுமார் 25 வருஷம், 2012 வரை வந்துகொண்டே இருந்தார். அவரோடு கூட நின்று கற்பித்தவர் நம் சென்னை வேகப்பந்து வீச்சாளர் டி.ஏ. சேகர். ஸ்ரீநாத் அங்கே பயின்றார். ஜாகீர்கான் அங்கே பயின்றார். வேகப்பந்து வீச்சாளன் ஆகவேண்டும் என்று வந்த சிறுவன் டெண்டுல்கரை, "நீ மட்டையைப் பிடி" என்று திருப்பி அனுப்பியவரும் லில்லிதான். வெளிநாட்டு வாத்தியாரால் இந்தியக் கிரிக்கெட்டுக்குக் கிடைத்த பெரிய பலன்களில் ஒன்று இது. எங்கே கிடைத்தது? நாற்றங்காலில் கிடைத்தது.

விவசாயத் தோழர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் உரமில்லை, தண்ணீரில்லை. கதிர் வாங்குகிற சமயத்தில் எவ்வளவு பெரிய நிபுணரை வரப்பில் நிறுத்தினாலும் என்ன ஆகும்? தேசிய அணிக் கோச் என்பவர் கதிர் வாங்குகிற சமயத்தில் வருகிறவர். அவர் கைக்கு வந்து சேருகிறவர்கள் ஏற்கெனவே விளைந்தவர்கள்.

ராகுல் திராவிடையே பாருங்கள். ரைட், சாப்பல், கிர்ஸ்டன், பிளெட்சர் நால்வர் காலத்திலும் ஆடியவர் அவர். ஆட்டத்தை விட்ட பிறகு, 19 வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போனார். அந்தப் பையன்கள் 2018ல் உலகக் கோப்பை வாங்கினார்கள். அதற்கப்புறம்தான் 2021ல் பெரிய அணிக்குக் கோச்சானார். வெளியாரிடம் கண்டது நம் ஆளிடம் தங்கி, நம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆடுதுறை 27 கதை இதுதான்.

ஹாக்கியிலும் இதே பாடம். 41 வருஷத்துக்குப் பிறகு 2021ல் டோக்கியோவில் நமக்கு ஒலிம்பிக் வெண்கலம் வந்தது. கோச் ஆஸ்திரேலியாவின் கிரகாம் ரீட். அவருக்குரிய பாராட்டைக் குறைக்க வேண்டாம். ஆனால் 2018 முதல் தேசிய ஹாக்கி அணிகளின் செலவுக்குக் கைகொடுத்தது ஒடிசா சர்க்கார். அந்த மாநிலத்தின் சுந்தர்கர் மாவட்டத்தில், ஆதிவாசிக் கிராமங்களில், பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடுதான் வளர்கிறார்கள். டோக்கியோ அணியின் தற்காப்பில் நின்ற பிரேந்திர லக்ராவும் அமித் ரோகிதாசும் அந்த மாவட்டத்துக்காரர்கள். அடியில் கிராமம், நடுவில் சர்க்கார் பணம், மேலே வெளிநாட்டு வாத்தியார். மூன்றும் சேர்ந்தபோது பலன் கிடைத்தது. மேலே இருப்பவரை மட்டும் எடுத்துக்காட்டி, "பார்த்தீர்களா வெளிநாட்டுக் கோச்சின் மகிமையை!" என்பது பாதிக் கதை.

பக்கத்தில் இருக்கும் வாத்தியார்

நம் பையன்களுக்கு யார் தேவை என்பதைச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி சொல்லும். நடராஜனின் ஊர் அது. கூலித் தொழிலாளியின் மகன். தாயார் சாலையோரத்தில் கடை வைத்துக் குடும்பத்தைக் காத்தவர். வயதான பையனாகும் வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். எப்படியோ சென்னைக்கு வந்து, 2015ல் ரஞ்சி ஆட்டத்தில் இறங்கினார். இறங்கியதும், பந்து போடும் முறையில் கோளாறு என்று புகார் வந்தது. அத்தோடு அவர் வாழ்வு முடிந்திருக்கலாம். கூலிக்காரன் பிள்ளைக்கு இரண்டாவது தவணை கொடுக்கிறவர் யார்? அப்போது அவர் கையைத் திருத்திக்கொடுத்தவர்கள் தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்கள். அவர் பாஷை தெரிந்தவர்கள். தினமும் பக்கத்தில் நின்றவர்கள். 2020-21ல் ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக இந்தியாவுக்காக இறங்கினார் நடராஜன். பிரிஸ்பேன் டெஸ்டில் ஜெயித்த அணியில் அவர் இருந்தார். 2023ல் தன் ஊரிலேயே பிள்ளைகளுக்கு ஒரு மைதானமும் அமைத்தார்.

நடராஜனைப் புகழுகிறோம். ஆனால் ஓர் ஆட்டக்காரர் தன் சம்பாத்தியத்தில் மைதானம் கட்ட வேண்டியிருக்கிறது என்றால், கட்ட வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்றும் கேட்கிறோம்.

இது புதிய கேள்வியல்ல. பல்வங்கர் பாலு என்றொரு பந்து வீச்சாளர் இருந்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலை. வெள்ளை ஆபீசர்கள் மட்டை பிடித்துப் பழக, மணிக்கணக்கில் அவர்களுக்குப் பந்து போட வேண்டும். மட்டை பிடிக்க மட்டும் அவருக்கு அனுமதியில்லை. இந்துக்கள் அணியில் சேர்த்த பிறகும், இடைவேளையில் அவருக்குத் தேநீர் கொடுத்தது வெளியே நிற்கவைத்து, மண் குவளையில். அப்படிப்பட்டவர் 1911ல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறுக்கு மேல் விக்கெட் எடுத்தார். ஆயினும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை; அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923ல் கிடைத்தது. பாலுவிடம் திறமைக்குப் பஞ்சமா? கற்றுக்கொள்ளும் புத்திக்குப் பஞ்சமா? கதவுதான் சாத்தியிருந்தது. சாத்திய கதவைத் திறக்க எந்த நாட்டுக் கோச்சாலும் ஆகாது. அது நாம் செய்ய வேண்டிய வேலை.

பெண்கள் கதையும் இதுவே. 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவைத் தோற்கடித்து இந்தியப் பெண்கள் முதன்முதலாக உலகக் கோப்பையை வென்றார்கள். கோச் அமோல் மசும்தார். ரஞ்சி முதலான முதல்தர ஆட்டங்களில் 11 ஆயிரம் ரன்னுக்கு மேல் எடுத்தும், இந்திய அணியில் ஒரு நாளும் இடம் பெறாதவர். மறுக்கப்பட்டவரின் அருமை அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வெற்றிக்கு வெகுகாலம் முன்பே, பெண்கள் ஆட்டத்தை யாரும் மதிக்காத நாட்களில், வேலையும் மாதச் சம்பளமும் கொடுத்துப் பல வீராங்கனைகளைக் காப்பாற்றியது ரயில்வே, அதாவது பொதுத்துறை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தேசிய அணியில் ஆட்டத்துக்கான ஊதியம் சமம் என்று போர்டு அறிவித்ததே 2022 அக்டோபரில்தான்.

பணம் இல்லையா?

இருக்கிறது. 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷத்துக்கு ஐ.பி.எல். ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைக் கிரிக்கெட் போர்டு 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? ஆட்டத்தின் நடுவே விளம்பரம் காட்டுகிறார்கள். விளம்பரச் செலவைச் சோப்பின் விலையிலும் தேயிலையின் விலையிலும் ஏற்றுகிறார்கள். கடைவீதியில் அந்தச் சோப்பை வாங்குவது யார்? ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளியும், நடவு முடிந்து வருகிற நம் தாய்மாரும்தான். நம் கண்ணும் நம் காசும் சேர்ந்து குவித்த செல்வம் அது. அதில் நமக்குப் பங்கு கேட்பது யாசகமல்ல.

ஆகவே தோழர்களே, டீக்கடைத் தர்க்கத்துக்கு எங்கள் தீர்ப்பு இது. வெளிநாட்டுக் கோச் வரட்டும், ஆட்சேபமில்லை. ஆனால் நாங்கள் கோருவது:

1. எந்த நாட்டாரை நியமித்தாலும், எதற்காக, எத்தனை காலத்துக்கு என்பதைப் போர்டு பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். தோற்றால் கோச் தலையில் பழியைப் போட்டு, நிர்வாகம் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

2. வெளியிலிருந்து வருகிறவர் பதினோரு பேருக்கு மட்டும் வாத்தியாராக இருக்கக் கூடாது. நம் நாட்டுப் பயிற்சியாளர்களைக் கூட வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்ததை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

3. ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு பொது மைதானம் வேண்டும். பிள்ளைகளின் பாஷை பேசுகிற, மாதச் சம்பளம் வாங்குகிற பயிற்சியாளர் ஒருவராவது வேண்டும். மட்டையும் தோல் பந்தும் இலவசமாக வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். போர்டும் சர்க்காரும் இந்தச் செலவை ஏற்க வேண்டும்.

4. ரயில்வே முதலிய பொதுத்துறைகளில் ஆட்டக்காரர்களுக்கு இருக்கிற வேலை வாய்ப்பைக் குறைக்கக் கூடாது, பெருக்க வேண்டும்.

இது கேட்டால் கிடைத்துவிடுமா என்று சிலர் கேட்கலாம். கேட்காமல் எதுவும் கிடைத்ததில்லை என்பது உழைப்பாளிகளுக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் இருக்கிறாரா, ஆடுவதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கிராமசபையில் எழுந்து கேளுங்கள்; தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். தொழிற்சங்கக் கூட்டத்திலும் பேசுங்கள். பிள்ளைகளின் ஆட்டமும் கூலியைப் போல, குடிதண்ணீரைப் போல ஒரு கோரிக்கைதான்.

டீக்கடைப் பெரியவர் சொன்னது போல, கயிற்றை யார் தன் கழுத்தில் கட்டிக்கொள்கிறார் என்பதே விஷயம். அறுத்த வயலில் ஓடிவந்து பந்து போடுகிற அந்தப் பையனுக்காகக் கட்டிக்கொள்கிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அவர் நம்மவர். ஆனால் அவர் வருவார் என்று வரப்பில் காத்துக்கொண்டிருந்தால், அடுத்த நடவு வந்துவிடும். வயலில் தண்ணீர் பாய்ந்துவிடும். அந்தப் பையனும் மட்டையைப் போட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கயிற்றின் ஒரு முனையை நாமே பிடிப்போம்.